இடுப்புல இருந்து கழண்ட பெல்ட்டு

ஐபிஎல் நேரத்துல ஒரு நாள் மாமா வீட்ல மேட்ச் பாத்துட்டு இருந்தோம். தமிழ் கமென்ட்ரி அவருக்கு ஆகாது, "பஞ்ச் டயலாக் கேக்கணும்னா நான் பட்டிமன்றமே பாத்துக்குவேன்"னு சொல்லிட்டு இங்கிலீஷ்லதான் வெப்பாரு, பாதி புரியும் பாதி புரியாது, அது அவருக்கு ஒரு பிரச்சனையே இல்ல. டாஸுக்கு முன்னாடி பிட்ச் ரிப்போர்ட். ஒருத்தர் குனிஞ்சு தரையைத் தட்டிப் பாத்துட்டு, இது சரியான பெல்டர்னு இங்கிலீஷ்ல அடிச்சு விட்டாரு. மாமா டக்குனு திரும்பி, "ஏன் மாப்ள, தரையைப் போயி பெல்ட்டுங்கிறான்?"ன்னாரு. "பேட்டிங்குக்கு நல்ல பிட்ச்னு அர்த்தம் மாமா." "அது எனக்கும் தெரியும்டா, ரெண்டு பேருமே இருநூறு அடிக்கப் போறானுங்க. நான் கேட்டது பெல்ட்டு எங்கருந்து வந்துச்சுன்னு." அதுக்குள்ள டாஸ் போட்டுட்டாங்க, அவர் அதை மறந்துட்டாரு. எனக்குத்தான் அது போகல.

அதுக்கப்புறம் பாத்தா எங்க திரும்புனாலும் பெல்ட்டு. நியூஸ் சேனல்ல தேர்தல் அலசல்னா கொங்கு பெல்ட்டு, டெல்டா பெல்ட்டு, ஹிந்தி பெல்ட்டு. கார்ல ஏறுனா சீட் பெல்ட்டு போடுற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கு. ஏர்போர்ட்ல பெட்டி வர்றது பெல்ட்டு, பக்கத்து வீட்டுப் பையன் கராத்தேல வாங்கிட்டு வந்தது மஞ்ச பெல்ட்டு, பைக் மெக்கானிக் "பெல்ட்டு தேஞ்சிருச்சு"ங்கிறாரு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல பாறைங்க சுத்துறது அஸ்டிராய்டு பெல்ட்டு. ஆந்திரா பக்கம் போனா ஊருக்குள்ள லைசென்ஸ் இல்லாம சரக்கு விக்கிற இடத்துக்குப் பேரே பெல்ட் ஷாப். 2014ல சந்திரபாபு நாயுடு முதல்வரா பதவி ஏத்த அன்னைக்கே போட்ட முதல் கையெழுத்துகள்ல இந்த பெல்ட் ஷாப் ஒழிப்பும் ஒண்ணு. பேன்ட்டு நழுவாம இருக்கக் கட்டுற ஒரு தோல் பட்டைக்கு இவ்வளவு வேலை எப்படி வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

கத்தி தொங்குன வார்

முதல்ல, பெல்ட்டுக்கும் பேன்ட்டுக்கும் ஆதில சம்பந்தமே கிடையாது. ரோமானியர்கிட்ட பால்டியஸ்னு ஒண்ணு இருந்துச்சு, கத்தியைத் தொங்க விடுற வார், பெரும்பாலும் தோள்ல குறுக்கா போடுறது. அந்தச் சொல்லே லத்தீன் கிடையாது, ரோமுக்கு முன்னாடியே இத்தாலில இருந்த எட்ருஸ்கன்காரங்ககிட்ட இருந்து வந்ததுன்னு வார்ரோங்கிற ரோமப் பண்டிதரே சொல்லிருக்காரு. ரோமப் படைகூட மல்லுக்கு நின்ன ஜெர்மானிய இனங்க அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்க கடல் தாண்டி பிரிட்டன்ல குடியேறுனப்ப அதுவும் கூடவே போயிருச்சு. பழைய இங்கிலீஷ்லயே பெல்ட்டுங்கிற சொல் இதே ரூபத்துல இருக்கு, ஆயிரம் வருஷத்துல எழுத்து கூட மாறல.

ஆயுதம் தொங்குற இடம்ங்கிறதால அது துணிமணிக் கணக்குல வரல, அந்தஸ்துக் கணக்குல வந்துச்சு. ராஜா தன் கையால வாளையும் வாரையும் கட்டி விட்டாத்தான் ஒருத்தன் ஏர்ல், அதாவது பெரிய பிரபு, அதனாலதான் பெல்ட்டு கட்டின ஏர்ல்னு இங்கிலீஷ்ல ஒரு வழக்கே இருக்கு. குத்துச்சண்டைல ஜெயிச்சவனுக்கு பெல்ட்டு குடுக்குறதும் இந்த வழிதான்னு நினைக்கிறேன். இங்கிலாந்துல 1909ல இருந்து குடுக்குற லான்ஸ்டேல் பெல்ட்டு அதுல பேர் போனது. இப்பல்லாம் ஜெயிச்சவங்க அந்தத் தட்டு சைஸ் பெல்ட்டை இடுப்புல கட்டாம தோள்ல போட்டுக்கிட்டுத்தான் போஸ் குடுக்குறாங்க, ரோமானியன் போட்ட இடத்துக்கே திரும்பப் போயிருச்சு, யாரும் யோசிச்சு செஞ்ச மாதிரி தெரியல. பெல்ட்டுக்குக் கீழ அடிக்கிறதுன்னு நாமளே தமிழ்ல சொல்றோம்ல, அதுவும் இந்தக் குத்துச்சண்டை மேடைல இருந்து வந்ததுதான். 1743ல ஜாக் பிராட்டன்ங்கிறவர் போட்ட விதில இடுப்புக்குக் கீழ எங்கயும் பிடிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, பின்னாடி வந்தவங்க இடுப்பைத் தூக்கிட்டு பெல்ட்டை வெச்சுக்கிட்டாங்க.

கைல எடுத்த பெல்ட்டு

மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. பெல்ட்டை உருவுனா அது அடிக்கிற சாமான். எண்பதுகள்ல வளந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல, அப்பா கை இடுப்புக்குப் போனாலே வீட்ல பாதிப் பேர் பின்கட்டுல இருப்பாங்க. இங்கிலீஷ்ல 17ஆம் நூற்றாண்டுலயே பெல்ட்டுங்கிறது வினைச்சொல்லா, அதாவது பெல்ட்டால விளாசுறதுங்கிற அர்த்தத்துல, எழுத்துல வந்துருச்சு. 19ஆம் நூற்றாண்டுல எதை வெச்சு அடிச்சாலும் பெல்ட்டுதான், கையால குத்துனாலும் சரி.

ஆனா இந்த அர்த்தம் முழுசா வாழ்ந்த ஊருன்னா ஸ்காட்லாந்துதான். அங்க பள்ளிக்கூடத்துல பிரம்பு கிடையாது, பெல்ட்டு. "பெல்ட்டு வாங்குனேன்"னு அந்த ஊர்ப் பெருசுங்க சொன்னா கடைல வாங்குனதா நினைச்சுறக் கூடாது. அதுக்கு டாஸ்னு இன்னொரு பேரு, மேட்ச்ல போடுற டாஸ் இல்ல, இது வேற சொல். தடிச்ச தோல்ல ஒரு பட்டை, ஒரு முனையை ரெண்டாவோ மூணாவோ கிழிச்சு விட்டிருப்பாங்க. பையன் ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா நீட்டணும், உள்ளங்கை மேல பாத்து இருக்கணும், அதுல இறங்கும். ஃபைஃப் வட்டாரத்துல லாக்கெல்லின்னு ஒரு சுரங்க ஊரு, அங்க குதிரைச் சேணம் செய்யிறவங்க இதைச் செஞ்சு நாடு முழுக்க வாத்தியாருங்களுக்கு அனுப்புனாங்க. கனத்துக்குத் தக்கன லைட்டு, மீடியம், ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவின்னு ரகம் உண்டு, நாம டீத்தூள் வாங்குற மாதிரி. 1982ல ரெண்டு அம்மாக்கள் போட்ட வழக்குல ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 1987ல அரசுப் பள்ளிகள்ல சட்டப்படி நின்னுச்சு. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அந்த பெல்ட்டை எவனும் ஒரு நாளும் இடுப்புல கட்டினதில்ல. அதுல பக்கிளும் கிடையாது, பக்கிள் மாட்டுற ஓட்டையும் கிடையாது. அடிக்கிறதுக்குன்னே பொறந்த சாமான், ஆனாலும் பேரு பெல்ட்டு. அந்த இடத்துல சொல் இடுப்பை விட்டு முழுசா கழண்டுருச்சு.

கழண்ட சொல் சும்மா இருக்குமா. அடிக்கிற வேகத்துல இருந்து வேகம் மட்டும் தனியா வந்துச்சு, ரோட்ல கார் பெல்ட்டிக்கிட்டுப் போகுதுன்னா பறக்குதுன்னு அர்த்தம். ஒரே மடக்குல உள்ள தள்ளுற விஸ்கி ஒரு பெல்ட்டு, அது அமெரிக்காக்காரங்க வழக்கு. தொண்டை கிழியப் பாடுறது பெல்டிங். மைக் இல்லாத காலத்து பிராட்வே தியேட்டர்ல கடைசி வரிசைக்கும் கேக்கணும்ல, எதெல் மெர்மன் மாதிரி ஆளுங்க அதுக்குப் பேர் போனவங்க. சைனஸ் கிழியுற மாதிரி பாடுறதுக்கு இன்னைக்கு சங்கீத வகுப்புல தனிப் பாடமே நடக்குது. அசத்தலா இருக்கிற எதுவும் பிரிட்டிஷ் பேச்சுல பெல்டர். பவுலரைப் போட்டு வெளுக்கத் தோதான பிட்ச்சும் அதே பெல்டர்.

இதை மாமாகிட்ட அடுத்த வாரம் சொல்லும்போது நான் நீட்டி முழக்கப் போறேன்னு நினைச்சேன், அவர் பாதிலயே, "இதுல என்ன இருக்கு, நம்ம 'அடி' மாதிரிதான். சிக்ஸ் அடிக்கிறான், சரக்கு அடிக்கிறான், ஹாரன் அடிக்கிறான், காத்து அடிக்குது, வெயில் அடிக்குது, லூட்டி அடிக்கிறான்"ன்னு வரிசையா அடுக்கிட்டாரு. நான் எதுக்கு அவ்வளவு படிச்சேன்னு ஆயிருச்சு. ஆனா அவர் சொன்னது பாதி பெல்ட்டுக்குத்தான் பொருந்தும். கொங்கு பெல்ட்டு அடியில இருந்து வரல.

அவிழ்த்துப் போட்ட பெல்ட்டு

இதுக்கு வேற ஒரு வழி இருக்கு. பெல்ட்டுக்கு ரெண்டு குணம் பாருங்க, இடுப்புல இருந்தா வட்டம், கழட்டி கட்டில்ல போட்டா நீளமான பட்டை. 1070கள்ல ஆடம்னு ஒரு பாதிரியார், பிரேமன்காரர், வடக்க இருக்கிற பால்டிக் கடலைப் பத்தி எழுதும்போது அது பெல்ட்டு மாதிரி நிலத்துக்குள்ள நீண்டு கிடக்கறதால பால்டிக்னு பேருன்னு ஒரு விளக்கம் குடுத்தாரு. பேருக்குக் காரணம் அதுதானான்னு பண்டிதருங்க இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கிறாங்க, அது கிடக்கட்டும், ஆனா நீளமா கிடக்கிற நிலத்தையோ தண்ணியையோ பாத்ததும் ஒருத்தனுக்கு அன்னைக்கே பெல்ட்டு ஞாபகம் வந்துருக்கு. டென்மார்க்ல இப்பவும் ரெண்டு ஜலசந்திக்குப் பேரு பெரிய பெல்ட்டு, சின்ன பெல்ட்டு. 1658 குளிர்ல கடல் உறைஞ்சு கிடந்தப்ப ஸ்வீடன் ராஜா பத்தாம் சார்லஸ் குஸ்தாவ் குதிரை பீரங்கியோட அந்த பெல்ட்டுங்க மேலயே படையை நடத்திட்டுப் போயி டென்மார்க்கை மடக்குனாரு.

ஆனா இதைப் பட்டி தொட்டியெல்லாம் பரப்புனது அமெரிக்காக்காரன். 19ஆம் நூற்றாண்டுல அவன் நிலத்தைப் பயிர் வாரியா பிரிச்சுப் பேச ஆரம்பிச்சான், பருத்தி விளையுற பட்டை காட்டன் பெல்ட்டு, மக்காச்சோளப் பட்டை கார்ன் பெல்ட்டு. இதுல எதையும் சுத்தி வரல, எதையும் இறுக்கல, மேப்ல குறுக்கா ஒரு தீத்து, அவ்வளவுதான். இந்த வரிசைல ஒரே ஒரு பெல்ட்டு மட்டும் என்னை நகர விடல, அமெரிக்காவுல தெற்கத்தி மாநிலமான அலபாமாவோட பிளாக் பெல்ட்டு. பேரைப் பாத்ததும் நானும் கராத்தேன்னுதான் நினைச்சேன். கராத்தே கறுப்பு பெல்ட்டு ஜப்பான்ல 1880கள்ல ஜூடோவுக்கு ஜிகோரோ கானோ கொண்டு வந்த முறைல இருந்து வந்தது, அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

அலபாமா நடுவுல குறுக்கா, மிசிசிப்பி வரைக்கும், 20-25 மைல் அகலத்துக்கு ஒரு பிறை மாதிரி கரிசல் மண்ணு. கிரெட்டேசியஸ் காலத்துல, அதாவது டைனோசருங்க உலாத்துன கடைசி யுகத்துல, அங்க கடல் இருந்துச்சு. ஆழம் இல்லாத வெதுவெதுப்பான கடல்ல நுண்ணுயிருங்க செத்துச் செத்து அடில படிஞ்சு சுண்ணாம்புப் படுகை ஆச்சு, செல்மான்னு அங்க இருக்கிற ஊர் பேர்லயே செல்மா சுண்ணாம்புன்னு சொல்வாங்க. கடல் வத்துனதும் அது மேல புல்லு மக்கி கறுத்த மண்ணு. மழை பேஞ்சா காலை விடாது, ஆனா பருத்திக்கு அமிர்தம். அங்க இருந்த பழங்குடிகளைத் துரத்திட்டு வெள்ளைக்காரப் பண்ணைகள் வந்துச்சு, பருத்தி பறிக்க ஆப்பிரிக்கர்களை அடிமையா பிடிச்சுட்டு வந்து நிரப்புனாங்க, மண்ணு எங்க நல்லாருக்கோ அங்க அடிமைகள் ஜாஸ்தி. விடுதலைக்கு அப்புறமும் அவங்கதான் அந்தப் பட்டைல பெரும்பான்மை. அதே பட்டைல டஸ்கீகில பள்ளிக்கூடம் நடத்துன கறுப்பர் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் 1901ல வந்த சுயசரிதைல இந்தப் பேரைப் பத்தி எழுதிருக்காரு. பிளாக் பெல்ட்டுன்னா என்னன்னு அவரைப் பலரும் கேப்பாங்களாம், அவர் சொன்ன பதிலோட சாரம் இதுதான்: முதல்ல மண்ணோட நிறத்துக்காக வந்த பேரு, உள்நாட்டுப் போருக்கு அப்புறம் கறுப்பர்கள் வெள்ளைக்காரங்களை விட அதிகமா இருக்கிற மாவட்டங்கன்னு அரசியல் அர்த்தம் ஆயிருச்சு.

இதைப் படிச்சப்பதான் எனக்கு சுள்ளுனு உறைச்சது. பேருல ஒரு எழுத்து மாறல. கறுப்புன்னா மண்ணுன்னு இருந்தது கறுப்புன்னா மனுஷன்னு ஆயிருச்சு, மேப்ல கோடு அதே எடத்துல இருக்கு, ஏன்னா மண்ணுதான் மனுஷனை அங்க கொண்டாந்து வெச்சது. அந்தப் பட்டைல லவுண்டஸ்னு ஒரு மாவட்டம், 1965 தொடக்கத்துல அங்க மக்கள்ல 80 சதவீதம் போல கறுப்பர்கள், வாக்காளர் பட்டியல்ல பதிவான கறுப்பர் ஒருத்தர் கூட கிடையாது. அந்த வருஷம் மார்ச்ல செல்மால இருந்து மாண்ட்கமரிக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்து போனவங்களைப் பாலத்துல வெச்சு போலீஸ் அடிச்சு நொறுக்குச்சு, ஆகஸ்ட்ல ஓட்டுரிமைச் சட்டம் வந்துச்சு. அந்த ஊர்வலம் போன பாதை முழுக்க பிளாக் பெல்ட்டுக்குள்ளதான். இப்பவும் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை மாவட்ட வாரியா கலர் அடிச்சுப் பாத்தீங்கன்னா அலபாமாவோட ரிபப்ளிகன் சிவப்புக்கு நடுவுல டெமாக்ரட் நீலத்துல ஒரு பிறை தெரியும், செத்துப் போன கடலோட கரை அது.

இதுக்கப்புறம் வந்த பெல்ட்டுங்கல்லாம் மண்ணைத் தொடவே இல்ல, நேரா மனுஷனுக்கு வந்துருச்சு. 1920கள்ல மென்கன்ங்கிற பத்திரிகைக்காரர் தெற்கத்திக்காரங்க மதப்பற்றை நக்கல் அடிச்சு பைபிள் பெல்ட்டுன்னாரு, அவங்க அதையே பெருமையா எடுத்து வெச்சுக்கிட்டாங்க. 1984ல ரீகனை எதிர்த்து நின்ன வால்டர் மாண்டேல் தேர்தல் பேச்சுல, தொழிற்சாலைங்க நிறைஞ்ச மிட்வெஸ்ட்டை துருப்பிடிச்ச கிண்ணமா ஆக்கிட்டாங்கன்னு ரீகன் ஆட்சியைத் திட்டுனாரு, கிண்ணம் நிக்கல, ஊர் வாய்ல அது ரஸ்ட் பெல்ட்டுன்னு ஆயிருச்சு. நம்ம ஊர்ல அனலிஸ்ட்டுங்க "அந்த பெல்ட்டுல இந்த சமூகம் ஜாஸ்தி"ங்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருது. டெல்டா பெல்ட்டுலயாவது காவிரி வண்டல் இருக்கு. மத்த பெல்ட்டுல பாதி, சாதி பேரை மைக்ல சொல்லக் கூச்சப்பட்டு ஊர் பேரைப் போட்டு பூசுறதுதான். ஒரு பெல்ட்டுன்னு சொல்லிட்டா அதுக்குள்ள இருக்கிற அத்தனை லட்சம் பேரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுற ஆளுங்கன்னு ஆயிருது, அதுல எனக்கு உடன்பாடு இல்ல.

இடுப்புல கட்டுறது நிலப்பகுதியா மாறுறது இங்கிலீஷ்காரன் புத்தி மட்டும்னு நினைச்சுறாதீங்க. ஸோன்ங்கிற சொல் கிரேக்கத்துல இடைக்கச்சைதான், பூமியை வெயில் குளிர் வாரியா அஞ்சு கச்சையா பிரிச்சதுல இருந்து அது மண்டலம் ஆச்சு. அரபியில மின்தகான்னா இடைவாரும்தான் வட்டாரமும்தான், ஓரியன் நடுவுல இருக்கிற மூணு நட்சத்திரத்துல ஒண்ணுக்கு மின்டாகான்னு பேரு வந்தது அதுல இருந்துதான். அக்கி இருக்குல்ல, நம்ம ஊர்ல குயவர்கிட்ட போயி காவியால எழுதிட்டு வருவாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல ஷிங்கிள்ஸ், லத்தீன் சிங்குலம்ல இருந்து, அதுக்கும் பெல்ட்டுன்னுதான் அர்த்தம். ஒரு நரம்புல ஒளிஞ்சிருந்த வைரஸ் அது போற வழியா மட்டும் கிளம்புறதால இடுப்பைச் சுத்தி ஒரு பக்கமா பட்டையா வரும், பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டாது, ஆக அது பாதி பெல்ட்டுதான்.

இறுக்கிக் கட்டுன பெல்ட்டு

அவிழ்த்துப் போட்டது போக, வட்டமாவே இருந்த அர்த்தமும் ஒண்ணு உண்டு. லண்டன் வீங்கிக்கிட்டே போகுதுன்னு பயந்து 1938ல ஒரு சட்டம் போட்டாங்க, ஊரைச் சுத்தி வயலும் காடுமா விட்டு வெக்கிற நிலம், கிரீன் பெல்ட்டு. 1955ல மத்த ஊருங்களுக்கும் இதைச் செய்யச் சொல்லி அரசு சுற்றறிக்கை போச்சு. இதுல உவமை அப்படியே உயிரோட இருக்கு பாருங்க, ஊருக்கு இடுப்பு பெருக்குது, பெல்ட்டைப் போட்டு இறுக்கு. பெல்ட்டுக்கு உள்ள இருக்கிறவன் வீட்டு விலை ஏறும், வெளிய இருக்கிறவன் ரயில்ல தொங்கிட்டு வரணும்.

இதெல்லாம் ஒரு நாள் ஆபீஸ் கேன்டீன்ல கதையா சொல்லிட்டு இருந்தேன். எங்க கூட வேலை பாக்குற ஒரு அண்ணன், பூந்தமல்லி பக்கம் புறம்போக்குல அவங்க தாத்தா காலத்துல இருந்து இருக்காங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு, "எல்லாம் சரி தம்பி, எங்க பெல்ட்டை விட்டுட்டியே"ன்னாரு. சென்னையைச் சுத்தி பெல்ட் ஏரியான்னு ஒண்ணு இருக்கிறது எனக்கு அதுக்கு முன்னாடி காதுல விழுந்ததோட சரி. 1962ல இருந்து, சென்னைக்குச் சுத்துப்பட்டுல புறம்போக்கு நிலத்துல குடியிருந்தா பட்டா கிடையாதுன்னு இருந்துச்சு. ஊர் வளரும்போது அரசுக்கு நிலம் வேணும்ங்கிறது நினைப்பு. லண்டன் பெல்ட்டு நிலத்துல புது வீடு அவ்வளவா வரல, இங்க வீடு வந்துருச்சு, கரண்ட் வந்துருச்சு, ரேஷன் கார்டு வந்துருச்சு, பட்டா மட்டும் வரல. அவர் வீட்ல கரண்ட் பில்லு, வரி ரசீதுன்னு ஒரு மஞ்சப் பை நிறைய வெச்சிருக்காங்க, அவங்க அப்பா ஒவ்வொரு தடவை மனு குடுக்கும்போதும் அதைத் தூக்கிட்டுப் போவாராம், ஆபீஸ்ல புரட்டிப் பாத்துட்டு, "பெல்ட் ஏரியாங்க, செய்ய முடியாது"ன்னு ஒரே வரில முடிச்சுருவாங்களாம். பேங்க்ல லோன் கேட்டா பட்டா கேப்பான், பட்டா கேட்டா பெல்ட்டும்பான். "அது இங்கிலீஷ் வார்த்தைன்னே எங்க அப்பாவுக்குத் தெரியாது தம்பி, அது ஏதோ சட்டத்தோட பேருன்னு நினைச்சிருந்தாரு"ன்னாரு.

2025 பிப்ரவரியில தமிழ்நாடு அமைச்சரவை இதுல ஒரு முடிவு எடுத்துச்சு. மாநிலம் முழுக்க 86 ஆயிரம் பேருக்குப் பட்டா, அதுல சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுன்னு நாலு மாவட்டத்து பெல்ட் ஏரியாக்காரங்களும் சேத்தி. நீர்நிலை மாதிரி ஆட்சேபணை உள்ள புறம்போக்குக்கு இது கிடையாது. அண்ணன் வீடு எந்தக் கணக்குல வருதுன்னு கேட்டேன். பக்கத்துல வாய்க்கா ஒண்ணு இருக்காம், முன்னாடி ஓடுச்சாம், இப்ப அது மேல ரோடு. சர்வேயர் வந்து அளந்துட்டுப் போயிருக்காரு, பழைய மேப்ல அது எங்க போகுதுன்னு பாக்கணும்னு சொல்லிருக்காங்க.